‘பேஸ் எங்கே?’ என்று கேட்ட நடுவர்களுக்கு

பாடகர் குழுப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும் அவற்றில் நடுவர்களாக அமர்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

பெண்கள் மட்டுமே பாடும் சேர்ந்திசைக் குழு ஒன்றில் நான் இரண்டாம் ஆல்ட்டோ. சேர்ந்து 18 வருடமாகிறது. இந்த மடலை உங்களைத் தவிர வேறு யாரும் படிக்க நேர்ந்தால் புரியவேண்டுமே என்பதற்காக ஒரு வார்த்தை: எங்களைப் போன்ற குழுக்களில் குரல்களை நான்காகப் பிரிப்பார்கள். மேலிருந்து முதல் சொப்ரானோ, இரண்டாம் சொப்ரானோ, முதல் ஆல்ட்டோ, இரண்டாம் ஆல்ட்டோ. நாங்கள்தான் அடித்தளம். ஆண்களும் சேர்ந்த குழுவில் எங்களுக்கும் கீழே ஆண்குரல்கள் இருக்கும்: டெனர், எல்லாவற்றுக்கும் அடியில் பேஸ். மெட்டு எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். சில பாட்டுகளில் எனக்கு மொத்தமே நான்கு ஸ்வரங்கள்தான் இருக்கும். அதை மட்டும் தனியாக வீட்டில் பாடிப் பழகினால், நான் பாடிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

போன போட்டியில் எங்கள் குழுவுக்கு ஒரு நடுவர் எழுதித் தந்த குறிப்பைப் பற்றித்தான் இந்த மடல். எந்தப் போட்டி, எந்த நடுவர் என்று சொல்லப்போவதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் இந்த 18 வருடத்தில் இதே குறிப்பை நாங்கள் வேறு வேறு கையெழுத்துகளில் வாங்கியிருக்கிறோம். குறிப்பு மூன்றே வரி. “நல்ல முயற்சி. இனிமையான குரல்கள். அடிக்குரல் இல்லாத குறை தெரிகிறது.”

முதல் இரண்டு வரிகளுக்கு நன்றி. மூன்றாவது வரியோடுதான் எனக்கு வழக்கு.

அடிக்குரல் இல்லை என்றால் என்ன பொருள்? நான் நின்றுகொண்டிருந்தேனே! என் இருபுறமும் இன்னும் ஏழு பேர் நின்றார்கள். எங்கள் கீழ் எல்லை ஏறக்குறைய 175 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 175 அதிர்வு. எங்களில் இரண்டு பேர் 150க்கும் கீழே இறங்குவார்கள். ஆண்கள் குழுவில் டெனர் பாடுகிறவர் சிரமமில்லாமல் பாடும் இடம் அது. அந்த ஸ்வரத்தை அவர் பாடினால் சௌகரியமான இடம், நாங்கள் பாடினால் ஆழம். ஆனால் உங்கள் காது தேடியது எங்களுடைய ஆழத்தை அல்ல, அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே கேட்டுப் பழகிய இன்னொன்றை. அது இல்லாததைக் குறை என்று எழுதிவிட்டீர்கள். வீணைக் கச்சேரிக்குப் போய் நாயனம் இல்லாத குறை தெரிகிறது என்று யாராவது எழுதுவார்களா?

ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் குழுவுக்கு மூன்றரை ஸ்தாயி இடம் இருக்கிறது. எங்களுக்கு இரண்டரை. அதே நான்கு ஸ்வரங்களை நாங்கள் நெருக்கி அடுக்கவேண்டும். பெரிய கூடத்தில் நான்கு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்காரலாம். சின்ன அறையில் முழங்கால் இடிக்கும். யார் கொஞ்சம் நகர்ந்தாலும் எல்லோருக்கும் தெரியும். சுருதி விலகுவதும் அப்படித்தான். 440 ஹெர்ட்ஸில் நான் நிற்க, பக்கத்தில் நிற்பவர் 442இல் நின்றால், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். நெருங்கி நிற்கும் எங்கள் குரல்களில் அந்தத் துடிப்பை மூடி மறைக்கக் கீழே கனமான ஓசை எதுவும் கிடையாது. எங்கள் குழுக்களில் தவறு எளிதாகக் கேட்கிறது என்று ஒரு நடுவர் எழுதினால் தலைகுனிந்து ஏற்றுக்கொள்வேன். அது உண்மை. கீழே ஒன்று குறைகிறது என்பது வேறு.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும்.

தம்புராவில் யாரும் காந்தாரத்துக்குத் தந்தி கட்டுவதில்லை. பஞ்சமத்துக்கும் ஷட்ஜத்துக்கும்தான் தந்தி. ஆனால் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும். அது ஷட்ஜத் தந்திக்குள்ளேயே, அதன் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கில் மெல்லியதாக ஒலிக்கும் மேற்சுரம். குரலுக்குள்ளும் இப்படி மேற்சுரங்கள் வரிசையாக இருக்கின்றன. நான்கு பேர் சரியான விகிதத்தில் நின்றால் (ஸவுக்கும் பவுக்கும் 2:3, ஸவுக்கும் காந்தாரத்துக்கும் 4:5) அவரவர் மேற்சுரங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழுந்து, யாரும் பாடாத ஒரு ஸ்வரம் தலைக்கு மேலே எழும். பியானோவை நம்பிப் பயிற்சி செய்தால் இது வாய்க்காது. பியானோவின் காந்தாரம் இயற்கையானதைவிட 14 சென்ட் உயரம். ஒரு அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், ஏழில் ஒரு பங்கு. அதனால்தான் எங்கள் டீச்சர் பாதி ஒத்திகைக்கு மேல் பியானோ மூடியைத் திறப்பதே இல்லை. (குழுவை வழிநடத்துகிறவரை நடத்துநர் என்று எழுதினால் எனக்குப் பேருந்து ஞாபகம் வருகிறது. கண்டக்டர் என்றால் இன்னும் மோசம். ஆகவே டீச்சர்.)

யாரும் பாடாத ஸ்வரம் மேலே மட்டும் எழுவதில்லை, கீழேயும் எழும். 440 ஹெர்ட்ஸில் ஒரு பெண்ணும் 550 ஹெர்ட்ஸில் ஒரு பெண்ணும் அடுத்தடுத்து நின்று, பிசிறில்லாமல், பலமாகப் பாடினால், அருகில் கேட்பவரின் காது அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மூன்றாவது ஒலியாகக் கேட்கும். 110 ஹெர்ட்ஸ். பாடிய ஸவுக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே, பேஸ் பாடும் ஆண்குரலின் இடத்தில். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயலின் மேதை தார்த்தீனி இதைத் தன் வாத்தியத்தில் கேட்டு ‘மூன்றாம் ஒலி’ என்று பெயர் வைத்தார். தன் மாணவர்கள் இரட்டை ஸ்வரம் வாசிக்கும்போது மூன்றாம் ஒலி கேட்டால்தான் சுருதி சரி என்றும் சொல்லிக்கொடுத்தார். அது மிக மெல்லிய ஒலி, பெரிய அரங்கின் பின்வரிசைக்கு எட்டாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் மேஜை முன்வரிசையில்தானே போடப்படுகிறது? நீங்கள் இல்லை என்று எழுதிய பேஸ் உங்கள் காதுக்குள்ளேயே ஒலித்திருக்க வாய்ப்புண்டு. ஒலிக்கவில்லை என்றால் நாங்கள் சுருதியில் நிற்கவில்லை. அப்போது குறிப்பில் எழுதவேண்டியது அதைத்தான்.

இத்தாலியில் தார்த்தீனி வாழ்ந்த பாதுவா நகரத்திலிருந்து வெனிஸ் கூப்பிடு தூரம். அவர் காலத்து வெனிஸில் ஆதரவற்ற குழந்தைகளையும் நோயாளிகளையும் பராமரித்த நான்கு இல்லங்கள் இருந்தன. அவற்றில் வளர்ந்த பெண்களுக்கு இசை கற்பித்தார்கள். அவர்கள் பாடுவதைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த இல்லங்களில் ஒன்றான பியெத்தாவில் 1703இல் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தவர்தான் இசையமைப்பாளர் விவால்டி. பாடுவது பெண்கள் மட்டுமே என்று தெரிந்த அந்த இடத்துக்காக அவர் எழுதிய சேர்ந்திசைப் பாடல்களில் டெனர் வரியும் இருக்கிறது, பேஸ் வரியும் இருக்கிறது. எப்படிப் பாடினார்கள் என்று இசை ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தாழ்ந்த குரலுள்ள பெண்கள் எழுதியபடியே பாடினார்கள் என்கிறார்கள் சிலர். ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாட, கீழே வாத்தியங்கள் தாங்கிக்கொண்டன என்கிறார்கள் வேறு சிலர். எப்படியானாலும், கேட்க வந்த கூட்டம் பேஸ் எங்கே என்று கேட்டுத் திரும்பிப் போகவில்லை.

ஒரு காரணம், பாடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாதது. மாடத்தில், இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்றுதான் அவர்கள் பாடவேண்டும். 1743 வாக்கில் பிரெஞ்சுத் தூதரின் செயலாளராக வெனிஸில் இருந்த ரூசோ, மெந்திகாந்தி இல்லத்துப் பெண்களின் பாட்டைக் கேட்டுக் கிறங்கிப்போய், அந்தக் கிராதியைச் சபித்திருக்கிறார். இவ்வளவு அழகான குரல்களுக்குரிய தேவதைகளைப் பார்க்கவிடாமல் தடுக்கிறதே என்று. யாரோ தெரிந்தவர் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தார். ஒருத்திக்கு ஒரு கண் இல்லை, இன்னொருத்தியின் முகத்தை அம்மை சிதைத்திருந்தது. மனிதர் அதிர்ந்துபோனாராம். பிறகு அவர்களோடு பேசிப் பழகிவிட்டு, மறுபடியும் பாட்டைக் கேட்டபோது எல்லோரும் அழகாகவே தெரிந்தார்கள் என்று தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் எது தெரியுமா? கேட்கப் போனவர் பார்க்கத் தொடங்கியதும் செவி கெட்டது. நேர்மையான ஆள், அதை ஒப்புக்கொண்டார். மேடையில் 32 புடவைகளைப் பார்த்ததுமே ‘அடிக்குரல் இருக்காது’ என்று முடிவுசெய்துகொள்ளும் காதுக்கும் இதே வியாதிதான். என் யோசனை ஒன்று: முதல் சுற்றில் எல்லாக் குழுக்களையும் திரைக்குப் பின்னால் நின்று பாடச் சொல்லுங்கள். ஆண்களையும் சேர்த்துத்தான். சமமாக மறைத்தால் மறைப்பது நியாயம்தான்.

மறைப்பதற்கு எங்கள் வரலாற்றில் பஞ்சமில்லை. தேவாலயப் பாட்டுக்கு உச்சக் குரல் வேண்டும், அதைப் பாடும் பெண் வேண்டாம் என்று நூற்றாண்டுக்கணக்கில் சிறுவர்களை வைத்தும், அதைவிடக் கொடுமையாக, குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே அறுவை செய்யப்பட்ட ஆண்களை வைத்தும் ஒப்பேற்றினார்கள். 1903இல்கூட, போப் பத்தாம் பயஸின் ஆணை பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்றும், மேல்குரல்களுக்குச் சிறுவர்களே வேண்டும் என்றும் சொன்னது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி பேராலயம் சிறுமிகளுக்கென்று தனிப் பாடகர் குழு தொடங்கியது 1991இல்.

கோயிலுக்கு வெளியே எழுதிய இசையமைப்பாளர்கள் எங்களை நன்றாக நடத்தினார்களா என்றால், பாதி. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் கோள்களைப் பற்றி எழுதிய பெரிய வாத்திய இசையின் கடைசிப் பகுதியான நெப்டியூனில் இரண்டு பெண்கள் குழுக்கள் வருகின்றன. அவர்கள் மேடையில் நிற்கக்கூடாது. பக்கத்து அறையில் நின்று பாடவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும், கடைசியில் பாடிக்கொண்டிருக்கும்போதே கதவை ஓசைப்படாமல் மெல்ல மூடவேண்டும் என்று இசைத்தாளிலேயே எழுதியிருக்கிறது. கேட்டால் மயிர்க்கூச்செறியும் இடம் அது, நான் மறுக்கவில்லை. ஹோல்ஸ்ட் தம் வாழ்நாளில் பெரும்பகுதி பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவர். எங்கள் குரலை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 1918இல் முதல் முறை அதைப் பாடியவர்களில் அவருடைய மாணவிகளும் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் கையிலேயே எங்களுக்குக் கிடைத்தது சொல்லில்லாத ‘ஆ’. டெபுஸ்ஸி கடல்மோகினிகளாக எங்களைப் பாடவைத்தபோதும் அதே கதை. மூடுபனி, நிலவொளி, தொலைதூரம், மரணம் எது வேண்டுமென்றாலும் பெண்கள் குழுவைக் கூப்பிட்டு ‘ஊ’ போடச் சொல்வது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. எங்களுக்கு மெய்யெழுத்துகளும் வரும் ஐயா.

‘இனிமை’ என்ற உங்கள் இரண்டாவது வரிக்கு நன்றி சொன்னேன் அல்லவா, அதையும் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பெண்கள் குழு என்றால் இனிமை என்று மதிப்பெண் தாளிலேயே எழுதியிருக்கிறதோ என்று சந்தேகம் வருகிறது. பல்கேரியாவின் மேற்குப் பகுதிக் கிராமத்துப் பெண்கள் பாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருத்தி மேலே பாட, மற்றவர்கள் கீழே ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மேல்குரல் இறங்கி வந்து ஸவுக்கும் ரிக்கும் உள்ள தூரத்தில் நின்று உரசும். நாங்கள் ஒத்திகையில் இப்படி உரசினால் டீச்சர் நிறுத்திவிடுவார். அவர்களோ அந்த உரசலுக்காகவே பாடுகிறார்கள். மணிகள் சேர்ந்து அடிப்பதுபோல் அந்த ஒலி அதிரவேண்டும். தொண்டையைக் குழைக்காமல், நேராக, வெட்டவெளியில் எதிர்மலைக்குக் கேட்கப் பாடும் குரல் அது. 1950களில் அந்த நாட்டு வானொலி அப்படிப்பட்ட குரல்களைத் திரட்டிப் பெண்கள் குழு அமைத்து, நாட்டுப்பாடல்களுக்குப் பல குரல் வரிகள் எழுதவைத்தது. சுவிட்சர்லாந்துக்காரர் மார்செல் செல்லியே அந்த ஒலிப்பதிவுகளை 1975இல் இசைத்தட்டாக வெளியிட்டார். இரண்டாவது தொகுதி 1990இல் கிராமி விருது வாங்கியது. அந்தக் குழு உங்கள் போட்டிக்கு வந்து நின்றால் ‘இனிமை’ என்ற கட்டத்தில் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

சரி, இனி உங்கள் போட்டி விதிகளுக்கு வருகிறேன். இரண்டு விஷயங்கள்தான். இரண்டாவது சின்னது. முதலாவதில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டியிருக்கும்.

எல்லாக் குழுக்களும் பாடியாகவேண்டிய கட்டாயப் பாடல் ஒன்றை நீங்கள் தருகிறீர்கள். அது ஆண், பெண் கலந்த குழுவுக்காக எழுதப்பட்டது. பெண்கள் குழுக்கள் ‘தகுந்தபடி மாற்றிப் பாடிக்கொள்ளலாம்’ என்று அடிக்குறிப்பு. தாராள மனசுதான். ஆனால் அந்த மாற்றத்தில் என்ன நடக்கிறது என்று யாராவது இசைத்தாளை எடுத்துவைத்துப் பார்த்ததுண்டா? டெனர் வரியை ஒரு ஸ்தாயி மேலே தூக்கினால் அது முதல் ஆல்ட்டோவின் தலைக்கு மேலே ஏறிக்கொள்கிறது. பேஸை மட்டும் தூக்கினால் அது டெனரைத் தாண்டிப் போய்விடுகிறது. கீழே ஸவும் மேலே பவும் இருந்த இடத்தில் அடுக்கு புரண்டு, ப கீழே வந்து ஸ மேலே போய்விடும். காலில் நின்ற கூட்டு தலையில் நிற்கிறது. கேட்பவருக்கு ஏதோ தரையில்லாமல் தொங்குவதுபோல் இருக்கும். இருக்கத்தானே செய்யும்? நீங்கள் ‘அடிக்குரல் இல்லாத குறை’ என்று கண்டது அதுவாகவும் இருக்கலாம். குறை எங்கள் தொண்டையில் இல்லை, நீங்கள் கொடுத்த தாளில் இருக்கிறது. சேலையை வேட்டியாகக் கட்டச் சொல்லிவிட்டு, முந்தானை அதிகமாக இருக்கிறது என்றால் எப்படி?

பெண்குரல்களுக்கென்றே எழுதப்பட்ட பாடல்கள் இல்லாமலா போய்விட்டன? ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் தம் 20களின் கடைசியில் ஹாம்பர்க்கில் பெண்கள் குழு ஒன்றை நடத்தினார். அவர்களுக்காக நாட்டுப்பாடல்களுக்குக் குரல்வரிகள் எழுதினார். 1860இல் பெண்கள் குழுவோடு இரண்டு ஹார்ன், ஒரு யாழ் மட்டும் சேர்த்து நான்கு பாடல்கள் எழுதினார். அங்கே ஹார்ன் கீழே நின்று இருட்டைக் கொடுக்கும். பெண்குரலுக்கு அடியில் என்ன வைக்கவேண்டும் என்று தெரிந்தவரின் எழுத்து. பழையது வேண்டாம் என்றால், இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களிடம் கேளுங்கள். கலந்த குழுவுக்கு ஒன்று, ஆண்கள் குழுவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று தனித்தனிக் கட்டாயப் பாடல் கொடுப்பதில் என்ன சிரமம்?

அமெரிக்கப் பார்பர்ஷாப் பாட்டுக்காரர்களைப் பாருங்கள். வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடும் அந்த முறைக்கு 1938இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் ஆண்கள் சங்கம் தொடங்கினார்கள். 1945இல் அதே ஊரில் பெண்கள் ‘ஸ்வீட் அடலைன்ஸ்’ என்று தங்களுக்கு ஒன்று தொடங்கினார்கள். அவர்களுடைய நான்கு குரல்களுக்கும் டெனர், லீட், பாரிடோன், பேஸ் என்றே பெயர். பாடுவது அத்தனையும் பெண்கள். தங்கள் குரலுக்கு ஏற்றபடி சுருதியை வைத்து, தங்கள் குரலுக்கு ஏற்றபடி வரிகளை எழுதி, கீழே பாடுகிற பெண்ணை பேஸ் என்று கூச்சமில்லாமல் கூப்பிடுகிறார்கள். பேஸ் என்பது ஹெர்ட்ஸ் கணக்கு இல்லை. கூட்டில் அடியில் யார் நிற்கிறார்களோ அவர் பேஸ்.

(ஆண்கள் சங்கம் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்க்க 2018 வரை ஆனது. அது வேறு கதை.)

இரண்டாவது விஷயம், பிரிவு. ‘சம குரல்கள்’ என்ற தலைப்பில் எங்களையும் சிறுவர் குழுக்களையும் ஒரே பிரிவில் வைக்கிறீர்கள். இசைத்தாளில் இரண்டும் ஒரே கோடுகளில் எழுதப்படுகின்றன என்பதைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை. பதினொரு வயதுக் குரலோடு அறுபத்திரண்டு வயதுக் குரலைப் போட்டியிட வைப்பது இரண்டு பேருக்கும் அவமரியாதை.

வயது என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் 25 வருடம் முதல் சொப்ரானோ பாடினார். உச்சியில் விளக்கு ஏற்றிவைத்ததுபோல் இருக்கும். ஐம்பதைத் தாண்டியபோது மேல் ஸ்வரங்கள் நழுவத் தொடங்கின. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாற்றத்தால் குரல்நாண்கள் தடித்து, பெண்களின் குரல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவர் ஒரு வருடம் வாயை மட்டும் அசைத்து ஒப்பேற்றினார். பிறகு ஒருநாள் ஒத்திகைக்கு வருவதை நிறுத்திவிட்டார். டீச்சர் வீட்டுக்கே போய், “மேலே ஆள் இருக்கிறார்கள், கீழேதான் எனக்கு ஆள் போதவில்லை” என்று சொல்லி அழைத்துவந்தார். முதல் நாள் என் பக்கத்தில் நின்றார். மெட்டில்லாத வரியை வாழ்க்கையில் முதல் முறையாகப் பாடியதால் ஒவ்வொரு இரண்டாவது அடியிலும் சொப்ரானோ பக்கம் ஓடிவிட்டார். அழுதார். மூன்று மாதமானது. இப்போது 150க்குக் கீழே இறங்கும் இருவரில் அவர் ஒருவர். உங்கள் நடுவர் குறிப்பை நாங்கள் சத்தமாகப் படித்தபோது, ‘அடிக்குரல் இல்லாத குறை’ என்ற இடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது அவரைத்தான். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

பரிசு கிடைக்காத ஆற்றாமை என்று நீங்கள் நினைக்கக்கூடும். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அன்று முதல் பரிசு வாங்கிய குழு எங்களைவிட நன்றாகப் பாடியது, அதில் சந்தேகமில்லை. எங்களுக்கு இரண்டாவது பாட்டின் நடுவில் சுருதி இறங்கிவிட்டது. கால் ஸ்வரம் இருக்கும். துணை வாத்தியம் இல்லாமல் பாடும்போது இறங்குகிற காந்தாரங்களை ஒவ்வொரு முறையும் ஒரு நூல் குறைவாகப் போட்டு, பாட்டு முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒற்றுமையாக மாடியிறங்கி வந்துவிடுவது எங்கள் பழைய நோய். மூச்சும் சரியில்லை. நீண்ட வரிகளில் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தில் திருட்டுத்தனமாக மூச்செடுத்து, கேட்பவருக்கு இடைவெளியே தெரியாமல் ஓட்டவேண்டும். அன்று பதற்றத்தில் பாதிப்பேர் ஒரே இடத்தில் மூச்செடுத்தோம், வரியில் ஓட்டை விழுந்தது. இவற்றில் ஒன்றையாவது குறிப்பில் எழுதியிருந்தால் நாங்கள் அடுத்த ஒத்திகையில் அதைத்தான் முதலில் எடுத்திருப்போம். நாங்கள் பெண்கள் என்பதை எழுதினீர்கள். அதை ஒத்திகையில் எப்படிச் சரிசெய்வது?

இன்னொரு வகைப் பாராட்டும் எங்களுக்கு வருகிறது. அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சேர்ந்து பாடுவது மனநலத்துக்கு நல்லது என்பது ஆராய்ச்சியிலும் தெரியவந்திருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 134 தாய்மார்களில் ஒரு பகுதியினரை 10 வாரம் குழந்தையோடு சேர்ந்து பாடவைத்தார்கள். அறிகுறி சற்றுக் கடுமையாக இருந்தவர்களில், பாடிய குழுவினர் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். மகிழ்ச்சி. என் அனுபவமும் அதற்கு எதிராக இல்லை. ஆனால் கலந்த குழு பாடினால் இசை, ஆண்கள் குழு பாடினால் கம்பீரம், பெண்கள் குழு பாடினால் மட்டும் ‘மன அழுத்தத்துக்கு நல்ல வடிகால்’ என்று மேடையில் வாழ்த்துரை வழங்குகிறீர்களே, அப்போதுதான் எனக்கு அழுத்தம் ஏறுகிறது.

கடைசியாக ஒரு குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும். பேஸ் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் சுமத்ராவில் ஜப்பானியர்களின் முகாமில் டச்சு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் பெண்கள் அடைபட்டிருந்தார்கள். மிஷனரியான மார்கரெட் டிரைபர்க், தமக்கு மனப்பாடமாக இருந்த வாத்திய இசைகளைக் காகிதத்தில் நான்கு பெண்குரலுக்கு மாற்றி எழுதினார். லண்டனில் முறையாக இசை படித்த நோரா சேம்பர்ஸ் பயிற்சி கொடுத்தார். மொழி பல என்பதால் சொற்களே வேண்டாம் என்று முடிவுசெய்தார்கள். முப்பது பேர். 1943 டிசம்பர் 27 அன்று முதல் நிகழ்ச்சி. ட்வோர்ஷாக்கின் சிம்பொனியிலிருந்து மெதுவான பகுதி, அந்தப் பெரிய வாத்தியக் குழுவின் செல்லோக்களும் டபுள் பேஸ்களும் உட்பட, பட்டினியில் நிற்க முடியாமல் உட்கார்ந்து பாடிய பெண்களின் தொண்டையில். தடுக்க வந்த காவலர்கள் நின்று கேட்டார்கள் என்று உயிர்தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1945க்குள் பாடியவர்களில் பலர் நோயிலும் பசியிலும் இறந்துபோக, குழு நின்றுவிட்டது. டிரைபர்க்கும் விடுதலையைப் பார்க்கவில்லை. கையால் எழுதிய அந்தத் தாள்கள் பிழைத்தன. 1980களிலிருந்து பெண்கள் குழுக்கள் அவற்றை மீண்டும் பாடிவருகின்றன.

சொற்களில்லாத ‘ஆ’, ‘ஊ’வைப் பற்றி மேலே கேலி செய்தேன். அந்த முப்பது பேரின் ‘ஊ’ அதில் சேர்த்தி இல்லை. அதை எங்கள் குழுவும் ஒருமுறை பாடிப் பார்த்தது. இரண்டாம் ஆல்ட்டோ வரி, சத்தியமாகச் சொல்கிறேன், பாடுவதற்குக் கடினமானது. நீண்டு நின்று, அசையாமல், மற்ற மூவரின் எடையையும் வாங்கிக்கொள்ளவேண்டும். பாதி முகாமுக்குக் காய்ச்சல் இருந்தபோது அதை யாரோ பாடியிருக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு அழைப்பு. எங்கள் ஒத்திகை வாரம் ஒருமுறை மாலை ஆறரைக்கு. நடுவராக வரவேண்டாம். வந்து இரண்டாம் ஆல்ட்டோ வரிசையின் நடுவில், எனக்கும் அந்தப் பழைய சொப்ரானோவுக்கும் இடையில் நில்லுங்கள். பாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டால் போதும். முதல் இருபது நிமிடம் சும்மா உயிரெழுத்துகளைத்தான் சேர்ப்போம். ஒருவர் ‘ஆ’ அகலமாகவும் இன்னொருவர் குறுகலாகவும் பாடினால் சுருதி சரியாக இருந்தும் சேராதல்லவா, அதற்காக. சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: பிராம்ஸ் தம் குழுவுக்கு விளையாட்டாக ஒரு சட்டதிட்டம் எழுதி, நேரத்துக்கு வராதவர்களுக்கு அபராதம் வைத்திருந்தார். எங்கள் டீச்சர் அதை எங்கோ படித்துவிட்டார். ஆறு முப்பத்தொன்றுக்கு வந்தால் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரமுடியும்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆல்ட்டோ,
பின்வரிசை, இடமிருந்து நான்காவது